நெஞ்சில் கோத்த நீரில் பிளாஸ்மா செல்கள்

கேள்வி: ஏற்காட்டில் காபித் தோட்ட மேஸ்திரியாக இருந்த என் தந்தைக்கு வயது 64. ஆறு மாதமாக முதுகுவலி, பிறகு மூச்சுத்திணறல். சேலத்தில் இடப்பக்க நெஞ்சிலிருந்து ஒன்றேகால் லிட்டர் நீர் எடுத்து, ஏ.டி.ஏ. (காசநோயில் உயரும் ஒரு நொதி) அளவு அதிகம் என்று காசநோய் மாத்திரை கொடுத்தார்கள். ஐந்து வாரத்தில் நீர் மீண்டும் கோத்துக்கொண்டது. இப்போது அந்த நீரில் பிளாஸ்மா செல்கள் இருப்பதால் மைலோமாவாக இருக்கலாம் என்கிறார்கள். பீடியே தொடாதவருக்கு நுரையீரல் புற்றுநோய் எப்படி வரும்?
- வாசகி, ஏற்காடு

பதில்: மைலோமா என்பது நுரையீரலில் பிறக்கும் புற்றுநோய் அன்று, நோயை எதிர்க்கும் புரதங்களைச் சுரக்கும் பிளாஸ்மா செல்கள் எலும்பு மஜ்ஜையில் கட்டுக்கடங்காமல் பெருகுவதால் வருவது. உங்கள் தந்தையின் முதுகுவலிக்கும் அதுவே காரணமாக இருக்கக்கூடும். மைலோமா நோயாளிகளுக்கு நெஞ்சில் நீர் கோத்தால், பெரும்பாலும் இதயமோ சிறுநீரகமோ நோய்த்தொற்றோதான் காரணமாக இருக்கும். புற்றுச் செல்களே நுரையீரல் உறைக்குள் இறங்குவது நூறு பேரில் ஒருவருக்கும் குறைவு.

காசநோய் மிகுந்த நம் நாட்டில் ஏ.டி.ஏ. உயர்ந்தவுடன் அந்த மாத்திரையைத் தொடங்குவது வழக்கம்தான் என்றாலும், மைலோமாவிலும் அந்த அளவு உயரும் என்பதால், நீர் திரும்பக் கோக்கும்போது அதிலுள்ள செல்களைப் பார்த்தே தீர வேண்டும். நுண்ணோக்கியில் பிளாஸ்மா செல்லின் உட்கரு ஒரு பக்கமாக ஒதுங்கி, வண்டிச் சக்கரத்தின் ஆரங்களைப் போன்ற கோடுகளுடன் தெரியும். ஆனால், தொற்று இருந்தாலும் பிளாஸ்மா செல்கள் நீரில் வரக்கூடும். ஆகவே அவை புற்றில் இருப்பதுபோல ஒரே செல்லின் வாரிசுகள்தாமா என்பதை, செல்களை வகைபிரித்துக் காட்டும் ஃப்ளோ சைட்டோமெட்ரி சோதனை காட்ட வேண்டும். கூடவே மஜ்ஜைப் பரிசோதனை, ரத்தப் புரதங்களைப் பிரித்துப் பார்க்கும் எலக்ட்ரோபோரெசிஸ், கால்சியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஆகியவையும் தேவை. காசநோய் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

உறை வரை பரவிய மைலோமா கடுமையானது என்பதை உங்களிடம் மறைக்க எனக்கு மனமில்லை. எனினும் போர்டெசோமிப் ஊசி, லெனலிடோமைடு, டெக்சாமெத்தசோன் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுக்கும்போது நீர் வற்றி மூச்சு சீரானவர்கள் உண்டு. முதுகுவலிக்கென்று மருந்துக்கடையில் டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகளை வாங்கிக் கொடுக்காதீர்கள். இந்நோயில் அவை சிறுநீரகத்தை விரைவில் கெடுத்துவிடும். சிகிச்சையின்போது காய்ச்சல் வந்தால் ஒரு இரவுகூடக் காத்திருக்கக் கூடாது என்பதால், 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே இருப்பதைவிட, முதல் சில மாதங்கள் சேலத்தில் உறவினர் வீட்டில் அவரைத் தங்க வையுங்கள்.