குள்ள ஹாம்ஸ்டர் குட்டி போட்டால்: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, முந்தாநாள் எங்கள் கேம்பெல் வகைக் குள்ள ஹாம்ஸ்டர் குட்டி போட்டது. 5 இருந்தது, இன்று 4தான் தெரிகிறது. தாயே தின்றுவிட்டதா? கூண்டை மாற்றட்டுமா?

பதில்: மாற்றாதீர்கள், உள்ளே கையே விடாதீர்கள். செத்துப் பிறந்ததையும் நோஞ்சானையும் தாய் தின்றுவிடுவது உண்டு. அதற்குப் பயந்து நாம் கூட்டைக் கிளறினால் மிச்சமும் போய்விடும். என்னுடைய முதல் ஈற்றில் எத்தனை குட்டி என்று எண்ணும் ஆசையில் 3ஆம் நாள் கூட்டை விலக்கிப் பார்த்தேன். மறுநாள் காலையில் ஒன்றுகூட இல்லை. இன்றைக்கும் நினைத்தால் மனசு கனக்கிறது. கண் திறக்கும்வரை, அதாவது 10 முதல் 14 நாள்வரை, தண்ணீரும் தீவனமும் மட்டும் வையுங்கள். கூடவே தாய்க்குத் தினம் பட்டாணி அளவு அவித்த முட்டை. மிச்சத்தைக் கூட்டுக்குள் பதுக்கிவிடும், அதனால் கொஞ்சமாகவே கொடுங்கள்.

கேள்வி: எங்கள் கேம்பெல் பெண் சினையாக இருக்கிறது. ஆணைப் பிரிக்கணுமா? குட்டிகளைக் கொன்றுவிடும் என்கிறார்களே?

பதில்: கேம்பெல் ஆண் நல்ல தகப்பன். ஈனும்போதே பக்கத்தில் நின்று குட்டியை நக்கிச் சுத்தம் செய்யும். தாய் தீவனத்துக்கு எழுந்து போனால் குட்டிகள்மேல் படுத்துச் சூடு கொடுக்கும். என் கவலை வேறு. ஈன்ற 24 மணி நேரத்துக்குள் பெண் மறுபடியும் இணை சேர்ந்துவிடும். சினைக்காலம் 18 முதல் 21 நாள்தான். அதாவது இந்தக் குட்டிகள் பால் மறக்கும்போது அடுத்த ஈற்று வந்து நிற்கும். 40 கிராம் உடம்பு, ஒரு பக்கம் பால், ஒரு பக்கம் வயிற்றில் அடுத்தது! பாவம், எத்தனை முறை தாங்கும்? அதனால் வயிறு இரண்டு பக்கமும் புடைத்ததுமே நான் ஆணை எடுத்துவிடுவேன். பிரித்தது பிரித்ததுதான், திரும்பச் சேர்த்தால் ரத்தம் வரும்வரை கடித்துக்கொள்ளும்.

கேள்வி: என்னிடம் ஒன்று கேம்பெல், இன்னொன்று விண்டர் ஒயிட் என்ற வேறொரு குள்ள ஹாம்ஸ்டர். பார்க்க ஒரே மாதிரி இருக்கின்றன. ஜோடி சேர்க்கலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். இரண்டும் தனித்தனி இனம். கலப்பில் பிறக்கும் ஆண்கள் மலடாகிவிடும். எது தாய் என்பதைப் பொறுத்து, கரு அளவுக்கு மீறி வளர்ந்து தாயின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

கேள்வி: குட்டிகளுக்கு 3 வாரம் ஆகப்போகிறது. ஆண், பெண் எப்படிப் பார்ப்பது?

பதில்: கையில் மல்லாத்திப் பிடித்தால் துள்ளி விழுந்துவிடும். நான் தெளிவான பிளாஸ்டிக் டப்பாவில் குட்டியை விட்டு, டப்பாவைத் தூக்கி அடியிலிருந்து பார்ப்பேன். சிறுநீர்த் துளையும் மலத்துளையும் கிட்டத்தட்ட ஒட்டியிருந்தால் பெண். நடுவில் நன்றாக இடைவெளி தெரிந்தால் ஆண். ஒன்றை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், இரண்டு குட்டிகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். அப்புறம், தள்ளிப்போட வேண்டாம். 5 வாரத்திலேயே தங்கை அண்ணனோடு சேர்ந்து சினையாகிவிடும். தீவனம் தானாகக் கொறிக்கிறதா என்று பார்த்துவிட்டு, 4 வாரம் முடிவதற்குள் ஆண்களை ஒரு கூண்டுக்கும் பெண்களை இன்னொன்றுக்கும் மாற்றிவிடுங்கள். சந்தேகமான குட்டியைத் தனியாக வைத்து, ஒரு வாரம் கழித்து மறுபடி டப்பாவில் விட்டுப் பாருங்கள்.