வில்லையை அரைத்தும் வேகம் கூடவில்லையா?

வணக்கம். இசட்எஸ்எம்-5 (நுண்துளைகள் கொண்ட சியோலைட் வினையூக்கி) வில்லைகளை அரைத்துச் சலித்தும் மெட்டா-சைலீன் சமபகுதியமாக்கலின் (அதை பாரா-சைலீன் போன்ற, அணுக்களின் அமைப்பு மட்டும் வேறான சேர்வைகளாக மாற்றும் வினையின்) வேகம் மாறவில்லை, எனவே பரவல் தடை (மூலக்கூறுகள் துளைக்குள் நகர்வது தாமதமாவது) இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டீர்கள். உரலில் உடைவது வில்லைதான். உள்ளிருக்கும் 2 மைக்ரோமீற்றர் பளிங்கு அப்படியே கிடக்கும். அதன் துளை ஏறத்தாழ 0.55 நானோமீற்றர். மெட்டா-சைலீன் அதற்குள் நெருக்கியடித்துத்தான் நுழையும். கொழும்பில் அகலமான காலி வீதியில் சுகமாக வந்த லொறி புறக்கோட்டைக் குறுக்குத் தெருவில் சிக்குவதுபோல. நீங்கள் அகலமாக்கியது காலி வீதியை, அதாவது பளிங்குகளுக்கு வெளியே உள்ள வழியை!

துப்பு உங்கள் தரவிலேயே இருக்கிறது. வெப்பநிலை கூடியதும் தோற்ற ஏவற்சக்தி (வெப்பநிலையோடு வேகம் மாறுவதிலிருந்து கணிக்கும் சக்தித் தடை) கிட்டத்தட்டப் பாதியாகியிருக்கிறது. கடுமையான உள்துளைப் பரவல் தடையில் அப்படித்தான் வரும். (சியோலைட்டில் பரவலுக்கே ஓர் ஏவற்சக்தி உண்டு, சரியாகப் பாதி வராவிட்டால் குழம்ப வேண்டாம்.) வினையூக்கியில் கரி படிந்து அதன் திறன் குறைந்தாலும் இப்படி ஏமாற்றும். கடைசியில் முதல் வெப்பநிலைக்குத் திரும்பி, பழைய வேகமே வருகிறதா என்று இன்னொருமுறை அளந்துவிடுங்கள்.

அப்புறம், அதே சிலிக்கன்-அலுமினிய விகிதத்தில் 200 நானோமீற்றர் பளிங்கு செய்து ஒப்பிடுங்கள். நீளம் பத்திலொன்றானால் பரவல் நேரம் நூறிலொன்றாகும். வேகம் ஏறினால் சந்தேகம் தீர்ந்தது. ஆனால் பாரா-சைலீன் தேர்திறன் (விளைபொருளில் பாரா-சைலீனின் பங்கு) இறங்கலாம், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.