ஒரே நேரத்துல ரெண்டு மூணு வேலை பாக்க ஏன் முடியல? பழகினா வருமா?

கேள்விய பாத்தா ஆபீஸ்ல யாரோ "மல்டிடாஸ்கிங் தெரியாதா"ன்னு உங்கள கேட்டு வெச்சிருக்காங்க போல. கேட்டவரையே ஃபோன்ல பேசிக்கிட்டே 17ஐ 23ஆல பெருக்கச் சொல்லுங்க.

நான் நாகர்கோவில்ல ஒரு மெடிக்கல் ஷாப்ல 11 வருஷமா ஃபார்மசிஸ்ட். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல கவுண்டர்ல நிக்க எடம் இருக்காது. அப்படி ஒரு நாள், ஒரு பாட்டிக்கு சுகர் மாத்திரை மெட்ஃபார்மின் 500 மி.கி. எடுக்கணும், கழுத்துக்கும் தோளுக்கும் நடுவுல ஃபோன், அந்தப் பக்கம் ஒருத்தர் "ஆயிரம் அனுப்பிருக்கேன் தம்பி, ஆயிரம் வந்துச்சா"ன்னு விடாம கேக்குறார், நானும் ஆயிரம் வந்துருச்சு ஆயிரம் வந்துருச்சுன்னு சொல்லிக்கிட்டே எடுத்துக் குடுத்தது 1000 மி.கி. அட்டை. பில்லும் அதுக்கே போட்டிருக்கேன். அரை மணி நேரத்துல பாட்டி திரும்பி வந்து "மக்ளே, இது என்ன இவ்ளோ பெருசா இருக்கு, தொண்டைல எறங்குமா"ன்னு நீட்டுறாங்க. எனக்கு வேர்த்து ஊத்திருச்சு. வாசிக்கத் தெரியாத மனுஷி அவங்க.

உடனே "நீயெல்லாம் ஒரு ஃபார்மசிஸ்ட்டா"ன்னு வராதீங்க. அன்னையிலேர்ந்து மருந்து எடுக்குறப்ப ஃபோன தொடுறதில்ல.

அப்புறம்தான் தேடிப் படிச்சேன். பாட்டு கேட்டுக்கிட்டே பாத்திரம் கழுவலாம், கை தானா போகும். யோசிச்சு முடிவெடுக்குற வேலை ரெண்டு வந்தா மூளை ஒண்ண முடிச்சுட்டுத்தான் அடுத்தத எடுக்கும், நாம ஒரே நேரம்னு நெனைக்கிறது சும்மா அங்கயும் இங்கயும் தாவுறது. 1927லயே ஆர்தர் ஜெர்சில்ட்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளர் ஆளுங்கள ஒரு எண்ணுக்கு கூட்டல், அடுத்த எண்ணுக்கு கழித்தல்னு மாத்தி மாத்தி போட வெச்சிருக்கார், ஒரே கணக்கா போடுறத விட நேரம் கூட ஆயிருக்கு. ரெண்டு வேலையும் ஒரே ஜாதியா இருந்தா இன்னும் மோசம், எனக்கு காதுல விழுந்த ஆயிரம் கைக்கு எறங்கின மாதிரி.

"எங்க ஊர் இடலாக்குடி புலவர் செய்குத்தம்பிப் பாவலர் 1907ல சென்னை விக்டோரியா ஹால்ல, ஒரே நேரத்துல நூறு விஷயத்த கவனிச்சு பதில் சொல்ற சதாவதானம் செய்யலையா"ன்னு எங்க முதலாளி மடக்குவார். செஞ்சார்தான், பெருமைதான். ஆனா என் அறிவுக்கு எட்டின வரை அவதானம்ங்கிறது ஒவ்வொண்ணையும் வாங்கி மனசுல அடுக்கி வெச்சு கேக்குறப்ப எடுத்துக் குடுக்குறது, அதுக்கு எவ்ளோ பயிற்சி வேணும். மூணு ஆள் வேலைக்கு ஒரே ஆள நிறுத்துறவர் பாவலர் பேர இழுக்கக் கூடாது. இத அவர்கிட்ட சொல்ல முடியாது, இங்கதான் சொல்ல முடியும்.

பழகினா வருமான்னா, கைவேலை வரும், யோசிக்கிற வேலைய நம்பாதீங்க.

இன்னொண்ணு, சம்பந்தம் இல்லதான். தயவுசெஞ்சு மாத்திரை அட்டைய பேரும் எக்ஸ்பயரி தேதியும் இருக்குற பக்கத்துலேர்ந்து வெட்டாதீங்க. ஒரு ஓரத்துல "மி.கி." மட்டும் மிச்சம் வெச்சு கொண்டு வந்து "இதே மாத்திரைதான், சீக்கிரம் குடுங்க"ன்னா நான் என்னத்த கண்டேன்?