கருவில் பிறக்கும் நியூரானுக்குத் தன் இடம் எப்படித் தெரிகிறது?

மூளையின் நியூரான்கள் (நரம்பு செல்கள்) ஓரிடத்தில் பிறந்து வேறோர் இடத்தில் குடியேறுகின்றனவாமே, வழிகாட்டுவது எது என்று கேட்டிருக்கிறீர்கள். மூளையின் வெளி அடுக்கான பெருமூளைப் புறணியை வைத்தே சொல்கிறேன்.

கருத்தரித்த நான்காவது வாரக் கடைசியில், மூளையும் தண்டுவடமும் உருவாகப்போகும் நரம்புக் குழாய் மூடிக்கொள்ளும். அந்தக் குழாயின் உள்சுவரை ஒட்டி நிற்கும் ரேடியல் கிளையா செல்கள்தான் நியூரான்களுக்குத் தாய். ஒவ்வொன்றும் மூளையின் வெளிப்பரப்பு வரை ஓர் இழையை நீட்டியிருக்கும். பிறந்த நியூரான் அந்த இழையைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது. நரம்பியல் ஆய்வாளர் பாஸ்கோ ராகிச் இதை 1970-களின் தொடக்கத்தில் காட்டினார். ஏணியாக நிற்கும் அந்தச் செல்லே தாயும் என்பது உறுதிப்பட்டது 2000 வாக்கில்தான்.

ஏறும் விதத்தைக் கவனியுங்கள். நியூரான் முதலில் ஒரு முனையை முன்னே நீட்டும். செல்லுக்குள் நுண்குழல்கள் என்ற மெல்லிய தண்டவாளங்களை ஒருங்கிணைக்கும் சென்ட்ரோசோம் அதற்குள் நகரும். பிறகு டைனீன் என்ற மோட்டார் புரதம் அந்த நுண்குழல்களைப் பிடித்து உட்கருவை முன்னே இழுக்கும். இழுப்பு, நிறுத்தம், மறுபடி இழுப்பு. முதலில் வந்தவை ஆழத்தில் தங்க, பின்னால் வந்தவை அவற்றைத் தாண்டி மேலே போகும். உச்சியில் உள்ள ககால்–ரெட்சியஸ் செல்கள் சுரக்கும் ரீலின் என்ற புரதம் இல்லாத எலிகளில் இந்த அடுக்கு வரிசை ஏறக்குறையத் தலைகீழாகிவிடுகிறது.

நுண்குழல்களைத் தாங்கும் டபுள்கார்ட்டின் புரதத்தின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அது கெட்டால் ஆண் குழந்தைக்கு மூளை மடிப்பில்லாமல் வழவழவென்று ஆகிவிடும். பெண் குழந்தைக்கு ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸில் ஒன்றுதான் வேலை செய்யும். நல்ல பிரதி வேலை செய்யும் செல்கள் மேலே போய்ச் சேர, மற்றவை பாதிவழியில் நின்று புறணிக்கு அடியில் இன்னொரு பட்டையாகப் படியும். ஸ்கேனில் இரண்டு புறணிகள் போலத் தெரியும். வலிப்பு அதன் முக்கிய அறிகுறி. செல்கள் இடம்பெயர்வது எவ்வளவு அவசியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

மற்ற நியூரான்களின் செயலை அடக்கும் தடுப்பு நியூரான்கள் இந்த ஏணியில் வருவதில்லை. மூளையின் அடிப்பகுதியில் பிறந்து பக்கவாட்டில் ஊர்ந்து வருகின்றன.

அடுத்தது இணைப்பு. நியூரானிலிருந்து நீளும் ஆக்ஸான் என்ற இழையின் நுனியில் கை விரித்தாற்போல ஒரு வளர்கூம்பு இருக்கும். தண்டுவடத்தில் நெட்ரின் என்ற புரதம் அதை நடுக்கோட்டுக்கு இழுக்கும். கோட்டைக் கடந்ததும் ரோபோ என்ற ஏற்பிகள் வளர்கூம்பின் மேற்பரப்பில் கூடி, நடுக்கோட்டிலேயே சுரக்கும் ஸ்லிட் என்ற புரதம் அதை விரட்டத் தொடங்கும். ஆகவே திரும்பி வராது.

தேவைக்கு மேல் உருவாகும் இணைப்புகளில் பயன்படாதவை பிறகு கழிக்கப்படும். பூனைக்குட்டியின் ஒரு கண்ணை முதல் சில மாதங்கள் மூடி வைத்தால், புறணியில் அந்தக் கண்ணுக்குரிய இடத்தை மற்ற கண் எடுத்துக்கொள்ளும் என்று நரம்பியல் ஆய்வாளர்கள் ஹியூபெலும் வீசலும் காட்டினார்கள். பார்வையை மறைக்கும் பிறவிக் கண்புரையை முதல் சில வாரங்களிலேயே அகற்ற முயல்வது இதனால்தான்.