சாயம் போகும் என்று எழுதுங்கள்

அன்புள்ள ஐயா,

நான் பழைய வண்ணாரப்பேட்டையில் வசிக்கிறேன். இரண்டு ஆண்டுகளாக வீட்டிலிருந்தபடியே இன்ஸ்டாகிராமில் பருத்திப் புடவைகளும் நைட்டிகளும் விற்று வருகிறேன். படங்கள் நன்றாக வருகின்றன, ஆனால் அவற்றின் கீழே எழுதத்தான் எனக்கு வரவில்லை. பார்த்துக்கொண்டே போகிறவர்களை நிறுத்தும்படியான முதல் வரியை எப்படி எழுதுவது? தமிழ் எழுத்தில் எழுதுவதா, ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுவதா? ஹேஷ்டேக் எத்தனை போடலாம்? எல்லோரும் 'விலைக்கு டிஎம்' (விலையைத் தனிச்செய்தியில் கேளுங்கள்) என்றே போடுகிறார்கள், நானும் போடுகிறேன், அது சரிதானா? படத்தைக் கொடுத்தால் கேப்ஷன் எழுதித் தரும் செயலி ஒன்றைப் பயன்படுத்துகிறேன், அதில் தவறுண்டா? நேற்று அது தந்தது இது: 'உங்கள் அழகை மெருகூட்டும் ராயல் மெரூன் காட்டன்! ஒரே பார்வையில் மனதைக் கொள்ளைகொள்ளும்! லிமிடெட் ஸ்டாக்! விலைக்கு டிஎம்.' சென்ற மாதம் அனுப்பிய 20 பார்சலில் 4, நிறம் வேறாக இருக்கிறது என்று திரும்பி வந்துவிட்டன. எழுத்து உங்கள் தொழில் என்பதால் கேட்கிறேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

அன்புள்ள மகளுக்கு,

ஐந்து கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்வியாகக் கேட்காமல், போகிற போக்கில் ஒரு செய்தியாகச் சொல்லிவிட்ட அந்த நான்கு பார்சல்கள்தான் என்னை எழுத உட்கார வைத்தன. சென்ற வாரம் உங்கள் பேட்டையின் துணிக்கடைத் தெருவான எம்.சி. ரோட்டில் நடந்துகொண்டிருந்தபோது, ஒரு கடையின் உள்ளே இருந்து நடுத்தர வயதுப் பெண் ஒருவர் ஒரு புடவையின் முந்தானையை மட்டும் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, வெயிலில் விரித்துப் பார்த்தார். புடவையின் மறுமுனை கடைப் பையனின் கையில் இருந்தது. அவர் நிறத்தைப் பார்த்தார், துணியைப் புரட்டிப் பின்பக்கம் பார்த்தார், ஒரு மூலையைக் கைக்குள் கசக்கிவிட்டு விரித்துச் சுருக்கம் நிற்கிறதா என்று பார்த்தார், நாக்கில் விரலை நனைத்துக் கரையில் தேய்த்து விரலைப் பார்த்தார். அதன் பிறகுதான் விலையைப் பேசினார். உங்களிடம் வாங்குகிறவர்கள் இவற்றில் ஒன்றைக்கூடச் செய்ய முடியாது என்பதை அன்று முதல் நினைத்துக்கொண்டிருக்கிறேன், அந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது.

சிறிய கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். ஹேஷ்டேக்குக்குப் பொருளின் பெயரும் ஊரின் பெயரும் போதும், அதில் செலவழிக்கும் நேரத்தை வேறு எதிலாவது செலவிடுங்கள். எழுத்தைப் பொறுத்தவரை, உங்கள் வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில் உங்களிடம் எந்த எழுத்தில் கேள்வி கேட்கிறார்களோ அந்த எழுத்தில் பதில் சொல்லுங்கள். தமிழ் எழுத்தைத் தேர்ந்தெடுத்தால் ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: இன்ஸ்டாகிராம் ஒரு கேப்ஷனுக்கு 2,200 குறியீடுகள் வரை இடம் தருகிறது, ஆனால் கணினிக் கணக்கில் உயிர்மெய்யின் கொம்பும் கொக்கியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுகின்றன. 'புடவை' நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, அந்தக் கணக்கில் ஐந்து. படங்களைப் பார்த்துக்கொண்டே போகிறவருக்கு ஓரிரு வரிகள் மட்டுமே தெரிந்து மீதி மடங்கிவிடுவதால், தமிழில் எழுதுகிறவர் சொல்ல வேண்டியதை இன்னும் முன்னால் கொண்டுவர வேண்டியிருக்கிறது. செயலியைக் கேட்டதில் தவறில்லை. ஆனால் அதற்கு நீங்கள் படத்தை மட்டும்தான் காட்டினீர்கள். படத்தில் தெரியாததை அதற்கு யார் சொன்னார்கள்? நீங்கள் சொல்லவில்லை.

விலையைப் பற்றிக் கொஞ்சம் கடிந்துதான் சொல்ல வேண்டும். 'எல்லோரும் போடுகிறார்கள்' என்பது காரணமே அல்ல. விலையை மறைத்துவிட்டுத் தனியே வந்து கேள் என்று சொல்கிறவர், கேட்கக் கூச்சப்படுகிறவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார். மாதம் இவ்வளவு என்று எண்ணிச் செலவு செய்கிற பெண், விலை தெரியாத புடவையைப் பற்றி விசாரிக்கவே மாட்டார். கேட்டபின் வேண்டாம் என்று சொல்ல நேருமே என்று பேசாமல் நகர்ந்துவிடுவார். ஆளுக்கு ஒரு விலை சொல்லவே இந்த ஏற்பாடு என்ற ஐயமும் வாங்குகிறவர் மனத்தில் எழும். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளும், இணையத்தில் விற்கப்படும் பொருளின் மொத்த விலையை ஒரே தொகையாகக் காட்டத்தான் சொல்கின்றன. இன்றே எல்லாப் படங்களின் கீழும் விலையையும் கூரியர் செலவையும் எழுதுங்கள். இதில் வாதிட எதுவும் இல்லை.

இனி அந்த மெரூன் புடவைக்கு வருகிறேன். உங்கள் கேப்ஷனை அதன் கீழிருந்து எடுத்து ஒரு பச்சைப் புடவையின் கீழே ஒட்டினால், மாற்ற வேண்டியது ஒரே ஒரு சொல்தான். அந்தப் புடவையைப் பற்றி நீங்கள் ஒன்றுமே எழுதவில்லை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. எத்தனையாம் நம்பர் நூல்? அறுபதா, எண்பதா, நூறா? நம்பர் கூடக் கூட நூல் மெலியும், துணி லேசாகும், உள்பாவாடையின் நிறம் வெளியே தெரியும். இதைப் படத்தில் எப்படிப் பார்ப்பது? கைத்தறியா, விசைத்தறியா? விசைத்தறி என்றால் அப்படியே எழுதுங்கள், அதில் இழிவு ஒன்றும் இல்லை. கைத்தறியைத் தனியே அடையாளம் காட்ட 2006 முதல் ஒரு முத்திரை இருக்கும் நாட்டில், விசைத்தறித் துணியின் கீழே 'கைத்தறி ஃபீல்' என்று எழுதுவது நெசவாளியின் சோற்றில் கை வைப்பது. புடவை ஐந்தரை மீட்டர் மட்டுமா, ரவிக்கைத் துணியும் சேர்ந்ததா? கஞ்சி எவ்வளவு ஏறியிருக்கிறது, முதல் துவையலுக்குப் பிறகு எவ்வளவு தொய்யும்? எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த மெரூன் சாயம் நிற்குமா?

இந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் நான் விடப் போவதில்லை.

1986 தீபாவளிக்கு முந்தைய ஒரு மாதம், கல்லூரி நேரம் போக மீதி நேரத்தில், எம்.சி. ரோட்டுத் துணிக்கடை ஒன்றில் விலை அட்டை எழுதும் வேலை பார்த்தேன். வெள்ளை அட்டையில் தட்டைத் தூரிகையால் சிவப்பிலும் நீலத்திலும் எழுத வேண்டும். என் கையெழுத்து அழகாக இருந்ததால் வேலை கிடைத்தது. கவிதை எழுதிக்கொண்டிருந்த காலம் என்பதால் விலையோடு நாலு சொல் சேர்த்துக்கொள்ள அனுமதியும் கிடைத்தது. வாசலில் சிவப்புப் பாவாடைத் துணி மலைபோல் குவிந்திருந்தது. அதன் மேல் 'செக்கச் சிவந்த செம்பருத்தி! சாயம் போகாது!' என்று எழுதி வைத்தேன். சாயம் போகுமா, போகாதா என்று நான் யாரையும் கேட்கவில்லை. வரி நன்றாக அமைந்தது, எழுதினேன்.

தீபாவளி முடிந்த மூன்றாம் நாள் காசிமேட்டிலிருந்து ஓர் அம்மா வந்தார். பாவாடையோடு சேர்த்து ஒரே வாளியில் ஊற வைத்த மகளின் வெள்ளைப் பள்ளிச் சட்டையையும் கொண்டுவந்திருந்தார். அது முழுவதும் ஒரே சீராக இல்லாமல், திட்டுத் திட்டாக இளஞ்சிவப்பாகியிருந்தது. அவர் சண்டை போடவில்லை. "எனக்குப் படிக்க வராது. பொண்ணுதான் படிச்சுக் காட்டுச்சு, சாயம் போவாதுன்னு எழுதியிருக்குதுன்னு. யாரு எழுதனது?" என்று கேட்டார். கூடவே நின்றிருந்த அந்தப் பெண்ணுக்குப் பத்து வயது இருக்கும். அம்மாவுக்குத் தவறாகப் படித்துக் காட்டிவிட்டோமோ என்று பயந்தவள்போல, இன்னும் குவியலின் மேல் இருந்த அட்டையை மீண்டும் மீண்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சரியாகத்தான் படித்திருந்தாள். முதலாளி பாவாடைக்கும் சட்டைக்கும் பணம் கொடுத்து அனுப்பினார். என்னைத் திட்டவில்லை. அன்று மாலையே ஒரு வாளியும் கத்தரிக்கோலும் கொடுத்து, இனி எந்தக் கட்டு வந்தாலும் நாலு விரல் அகலத்துக்கு வெட்டி, வெள்ளைத் துணித் துண்டோடு சேர்த்து இரவெல்லாம் ஊறப் போட்டு, காலையில் பார்த்த பிறகே அட்டை எழுத வேண்டும் என்றார். அடுத்த தீபாவளிக்கும் அங்கேதான் எழுதினேன். 'முதல் மூன்று முறை தனியாகத் துவைக்கவும்' என்று நான் எழுதிய குவியல்கள் விற்காமல் நிற்கவில்லை.

நீங்கள் குடியிருக்கும் ஊரின் பெயரை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். கிழக்கிந்தியக் கம்பெனி கடல் கடந்து அனுப்பிய துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்ததால் அது வண்ணாரப்பேட்டை. வடக்கே போனால், 1717 முதல் 1720 வரை சென்னையில் கம்பெனியின் ஆளுநராக இருந்த காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்திய பேட்டை, அவர் பெயரிலிருந்து திரிந்து காலடிப்பேட்டை ஆகியிருக்கிறது. துணியை நனைத்துப் பார்ப்பதையே பிழைப்பாகக் கொண்ட ஊரிலிருந்து, நனைத்துப் பார்க்காத துணியைப் பற்றி 'மனதைக் கொள்ளைகொள்ளும்' என்று ஒரு வரி வெளியே போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சாயம் போவதைச் சொன்னால் யார் வாங்குவார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். நம் ஊரின் பெயரையே தாங்கிய மெட்ராஸ் கட்டம் போட்ட துணிக்கு நடந்ததைக் கேளுங்கள். துணி வியாபாரத்தில் பலரும் சொல்லும் கதை இது. 1958இல் அமெரிக்க இறக்குமதியாளர் ஒருவர் இங்கிருந்து ஆயிரக்கணக்கான கஜம் வாங்கிப் போனார். குளிர்ந்த நீரில் மென்மையாக அலச வேண்டும், சாயம் கலங்கும் என்று விற்றவர் இங்கேயே எச்சரித்திருந்தார். அந்த எச்சரிக்கை அங்கே உடை வாங்கியவர்களைச் சென்று சேரவில்லை. சட்டைகள் இயந்திரத்தில் துவைக்கப்பட்டன, சாயம் ஒன்றோடொன்று கலந்தது, புகார்கள் குவிந்தன. துணியை மாற்ற முடியாது, எழுத்தைத்தான் மாற்ற முடியும். 1960களில் அதே துணி அங்கே 'சாயம் போகும், உறுதி' என்ற வாசகத்தோடு விளம்பரமாயிற்று. ஒவ்வொரு துவையலிலும் கட்டங்கள் ஒன்றில் ஒன்று கரைந்து புது நிறம் கொள்ளும் என்று சொல்லப்பட்டது. இளைஞர்கள் விரும்பி வாங்கினார்கள். துணியிலோ சாயத்திலோ தண்ணீரிலோ எந்த மாற்றமும் இல்லை. வாங்குகிறவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது என்பது ஒன்றே மாற்றம்.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு, அதாவது நிறுத்தும்படியான முதல் வரிக்கு, என் பதில் இது: படம் சொல்லாததை முதல் வரியில் சொல்லுங்கள், அதிலும் வாங்கியவர் பிற்பாடு கண்டுபிடித்து வருந்தக்கூடியதைச் சொல்லுங்கள். 'காலை எட்டு மணி வெயிலில் மொட்டை மாடியில் எடுத்த படம். டியூப்லைட்டில் இந்த மெரூன் காப்பிக்கொட்டை நிறத்துக்கு அருகே போகும்' என்று எழுதியிருந்தால், அந்த நான்கு பார்சலில் இரண்டேனும் போகாமலே இருந்திருக்கும், போனவை திரும்பாமலும் இருந்திருக்கும். அனுப்பிய கூரியர் செலவையும் திரும்பிவந்த கூரியர் செலவையும் கூட்டிப் பாருங்கள். 'ராயல்' என்ற சொல்லுக்கு நீங்கள் கொடுத்த விலை அது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். உங்கள் பக்கத்தின் பழைய பதிவு ஒன்றில், கல் உப்புத் தண்ணீரில் ஊற வைத்தால் சாயம் நிற்கும் என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். அதை அழித்துவிடுங்கள். சாயப்பட்டறையில் இழையோடு ஒட்டாமல் மேலே தங்கிவிட்ட சாயத்தை வீட்டு உப்பு ஒட்ட வைக்காது. தங்கிய சாயம் முதல் சில துவையலில் போகத்தான் செய்யும், போன பிறகு தண்ணீர் தெளியும். சாயம் சரியாகவே ஏறாத துணி என்றால் பத்தாவது துவையலிலும் தெளியாது. இந்த இரண்டில் உங்கள் துணி எது என்பது உங்களுக்குத் தெரிந்தால், 'முதல் மூன்று முறை தனியாக அலசுங்கள், அதன் பிறகு மற்றத் துணிகளோடு போடலாம்' என்று அஞ்சாமல் எழுத முடியும். தெரியாவிட்டால் எந்தச் செயலியும் அதை எழுதித் தர முடியாது.

எமோஜியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பார்வையற்றவர்களின் கைபேசி திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும்போது எமோஜிகளின் பெயரையும் உரக்கச் சொல்லிக்கொண்டு போகும். நீங்கள் வரிசையாகப் போடும் இதயங்களைக் கேட்டுக் கடந்த பிறகே அவர்கள் விலைக்கு வர வேண்டும். படத்தில் உள்ளதைச் சொல்லில் விவரிக்கும் மாற்று உரையைச் சேர்க்கும் வசதி அதே இன்ஸ்டாகிராமில் 2018 முதல் இருக்கிறது. புடவையின் நிறத்தையும் கரையின் அகலத்தையும் அங்கே இரண்டு வரியில் எழுதிவிடுங்கள். பக்கத்தில் யாராவது உட்கார்ந்து படித்துக் காட்ட வேண்டிய வாடிக்கையாளர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

நீங்கள் தனியாக உட்கார்ந்து படம் எடுத்து, மடித்து, பார்சல் கட்டி, மிண்ட் பக்கம் போய் கூரியர் போட்டு வருவதை உங்கள் கடிதத்தில் நீங்கள் சொல்லாமலே என்னால் பார்க்க முடிகிறது. அவ்வளவு உழைப்புக்குப் பிறகு எழுத வேண்டிய நான்கு வரிக்குக் களைத்துப்போவதும் புரிகிறது. மெரூன் புடவையில் ஒன்றை விற்பனைக்கு வைக்காமல் உங்களுக்கென்று எடுத்துக்கொள்ளுங்கள். இன்று இரவு அதன் முந்தானையை ஒரு வெள்ளைத் துண்டோடு சேர்த்து வாளியில் ஊறப் போடுங்கள். காலையில் தண்ணீரும் துண்டும் என்ன நிறத்தில் இருக்கின்றன என்று எனக்கு எழுதுங்கள். கேப்ஷனை அதன் பிறகு சேர்ந்து எழுதலாம்.

அன்புடன்.