திடீரென்று அமைதியாகிவிட்ட பையன்

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. நாமக்கல் பக்கம் ஒரு தனியார் பள்ளி விடுதியில் தங்கிப் பிளஸ் டூ படிக்கிறான். ஐஐடி கோச்சிங்கும் அங்கேயேதான். நான்கு மாதமாகத் தலைவலி என்கிறான். முடி கொட்டுகிறது. டெஸ்ட் நாளில் வயிற்றைக் கலக்குகிறது. படித்தது மறந்துபோகிறது. நெட்டில் பார்த்தால் மூளைக் கட்டி என்று வருகிறது. ஸ்கேன் எடுக்கலாமா? தூக்கத்துக்கு என் அண்ணனின் மெடிக்கல் ஷாப்பில் வாங்கி அல்பிரசோலம் பாதி மாத்திரை கொடுக்கிறோம். அரையாண்டு லீவுக்கு வந்தவன் முதலில் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தான். இப்போது நான்கு நாளாக அமைதியாகிவிட்டான், பொறுப்பு வந்துவிட்டது. பேட்மிண்டன் பேட், வாட்ச் எல்லாவற்றையும் தம்பிக்குக் கொடுத்துவிட்டான். ‘எனக்குக் கட்டுன பணத்தைத் தம்பிக்காவது கட்டியிருக்கலாம்’ என்று அப்பாவிடம் சொன்னான். 2-ஆம் தேதி விடுதிக்குத் திரும்ப வேண்டும். ஞாபக சக்திக்கு நல்ல டானிக் சொல்லுங்கள். அவன் நல்லாத்தானே இருக்கான் டாக்டர்?
ஒரு தாய், ஈரோடு மாவட்டம்

பதில்:

அம்மா, டானிக்கும் ஸ்கேனும் இருக்கட்டும். முதலில் அந்தப் பேட்டையும் வாட்சையும் பற்றிப் பேசுவோம்.

உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே கொடுத்திருக்கிறேன். முழுக் கடிதத்தில் தலைவலிக்கு முக்கால் பக்கம், முடிக்கு அரைப் பக்கம். பேட்டைத் தம்பிக்குக் கொடுத்தது ஒரே வரி. அதையும் நல்ல சேதி மாதிரி எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த வரியைத் தாண்டவே இல்லை. கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குத் தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். இன்னும் பல வீடுகளில் இப்படி ஒரு வரி யார் கண்ணிலும் படாமல் கிடக்கும் என்பதால், அதில் சொன்னதை இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

மாதக்கணக்கில் தவித்த பிள்ளை திடீரென்று அமைதியாகிறான். மார்க் ஏறவில்லை, பரீட்சை தள்ளிப்போகவில்லை, தூக்கமும் சரியாகவில்லை. அப்புறம் அந்த அமைதி எங்கிருந்து வந்தது? சில பிள்ளைகளுக்கு மனம் உண்மையிலேயே தேறியிருக்கும். சிலருக்கோ, இந்தப் பாடு இனி எத்தனை நாளைக்கு என்று உள்ளுக்குள் ஒரு முடிவு எடுத்துவிட்டதால் வரும் அமைதியாக இருக்கும். வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். கூடவே ஆசையாக வைத்திருந்த பொருளைக் கொடுத்துவிடுகிறான், ‘நான் உங்களுக்கு வீண் செலவு’ என்கிற மாதிரி பேசுகிறான். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் மருத்துவர் யாராக இருந்தாலும் இரண்டாவதைத்தான் முதலில் நினைக்க வேண்டும். அதனால் நேரடியாகவே சொல்கிறேன்: உங்கள் மகனுக்குத் தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்பதை இன்றைக்கே அவனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். என் கணிப்பு தப்பாக இருந்தால் பத்து நிமிட சங்கடத்தோடு போகும். சரியாக இருந்தால், இதைவிட அவசரமான வேலை உங்கள் வீட்டில் எதுவும் இல்லை.

இந்தப் பயம் உங்களுக்கும் இருக்கிறது என்றே நினைக்கிறேன். இல்லாவிட்டால், அமைதியாகிவிட்டான் என்று சந்தோஷமாக எழுதிய கை ‘நல்லாத்தானே இருக்கான்’ என்று ஏன் முடித்தது?

கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டது போல ஆகிவிடுமோ என்று எல்லாத் தாய்மார்களும் தயங்குகிறார்கள். ஆகாது. அந்த எண்ணம் இல்லாத பிள்ளை ‘என்னம்மா உளர்ற’ என்பான். இருக்கிற பிள்ளைக்கு, ஒருத்தராவது கேட்டுவிட்டார்களே என்று பெரிய ஆறுதல் கிடைக்கும்.

இதை நான் ஒரு தவறு செய்துதான் கற்றேன். தொழில் தொடங்கிய காலத்தில், அப்போதிருந்த நுழைவுத் தேர்வுக்காக இம்ப்ரூவ்மென்ட் (மார்க்கைக் கூட்டிக்கொள்ள மறுபடியும் எழுதும் பரீட்சை) எழுதிக்கொண்டிருந்த ஒரு பையன் வயிற்று வலி என்று என்னிடம் ஐந்து முறை வந்தான். ஐந்து முறையும் வயிற்றை அமுக்கிப் பார்த்தேன், ரானிடிடின் எழுதிக் கொடுத்தேன், காரத்தைக் குறைக்கச் சொன்னேன். சட்டைப்பையில் நாலாக மடித்த ஒரு அட்டவணைத் தாள் வைத்திருப்பான். என்னோடு பேசும்போதெல்லாம் அதன் ஓரத்தை நகத்தால் கிழித்துக்கொண்டே இருப்பான். அதையும் பார்த்தேன், பார்த்ததோடு சரி. ஆறாவது முறை அவனைப் பார்த்தது பெரிய ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவில். பிழைத்துக்கொண்டான், இன்று அவனுக்கு இரண்டு பிள்ளைகள். தேறியபிறகு, ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். ‘நீங்க வயித்தைப் பத்தி மட்டும்தானே கேட்டீங்க சார்’ என்றான். அன்றிலிருந்து, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை எந்த வலியோடு வந்தாலும் பெற்றோரைக் கொஞ்ச நேரம் வெளியே உட்கார வைத்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுகிறேன்.

நீங்கள் எப்படிக் கேட்பது? அப்பாவையும் தம்பியையும் வைத்துக்கொண்டு வேண்டாம். மொட்டை மாடியில், அல்லது கடைக்குப் போகும் வழியில், நேருக்கு நேர் முகம் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லாத இடமாக இருந்தால் அவனுக்கு லேசாக இருக்கும். ‘கண்ணு, நீ ரொம்ப நாளா கஷ்டப்படறது எனக்குத் தெரியுது. உயிரோட இருக்கவே வேண்டாம்னு எப்பவாவது தோணுதா?’ இவ்வளவு போதும். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவன் பேசாமல் நின்றாலும் நீங்களும் பேசாமல் நில்லுங்கள்.

‘ஆமா’ என்றால், உங்களுக்கு அழுகை வரும், வரட்டும். ஆனால் ‘எங்களை நினைச்சுப் பாத்தியா’, ‘உனக்கு என்ன குறை வச்சோம்’ இரண்டையும் சொல்லாதீர்கள். முக்கியமாக, தலையில் கை வைத்து சத்தியம் வாங்காதீர்கள். நம் வீடுகளில் முதலில் செய்வது அதுதான். சத்தியம் செய்த பிள்ளை மறுபடி அந்த எண்ணம் வரும்போது உங்களிடம் சொல்ல மாட்டான், சத்தியத்தை மீறிவிட்டோமே என்ற குற்ற உணர்வும் சேர்ந்துகொள்ளும். ‘சொன்னியே சாமி, அது போதும். இனி இதை நாம சேந்து பாத்துக்கலாம்’ என்று சொல்லிப் பக்கத்தில் இருங்கள்.

அன்றிரவு முதல் அவனைத் தனியாகப் படுக்க விட வேண்டாம். வீட்டிலுள்ள மாத்திரைகள், தோட்டத்துக்கு வாங்கிய மருந்துகள் எல்லாவற்றையும் பூட்டி, சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது வீட்டைவிட்டே வெளியேற்றிவிடுங்கள். அடுத்த நாளே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். எப்படிச் செய்வேன் என்றுகூட யோசித்து வைத்திருப்பதாக அவன் சொன்னால் அடுத்த நாள் வரை காத்திருக்க வேண்டாம், அந்த நேரமே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். நடு இரவில் யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் 14416, அதுதான் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ். தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104-லும் பேசலாம். சென்னையிலுள்ள சிநேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050. பிள்ளைதான் கூப்பிட வேண்டும் என்றில்லை, நீங்களே கூப்பிட்டு யோசனை கேட்கலாம்.

‘இல்லை’ என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். எப்படியானாலும் 2-ஆம் தேதி விடுதிக்கு அனுப்ப வேண்டாம். அட்டெண்டன்ஸுக்கு மருத்துவச் சான்றிதழ் கொடுத்துக்கொள்ளலாம்.

பைத்தியம் என்று முத்திரை குத்திவிடுவார்களோ, நாளைக்கு காலேஜில் தெரிந்துவிடுமோ என்று ஒரு ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். மனநல சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநல பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. இந்த வயதில் வரும் மனச்சோர்வு நன்றாகக் குணமாகக் கூடியது. சிலருக்குப் பேச்சு வழி சிகிச்சையே போதும், சிலருக்கு மாத்திரையும் தேவைப்படும். மாத்திரையின் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். அந்த முதல் சில வாரங்களில் பிள்ளையைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ‘இப்போ நல்லாயிட்டான்’ என்று நீங்களாக நிறுத்தக் கூடாது.

சரி, மற்றவற்றுக்கு வருகிறேன், சுருக்கமாக. மூளைக் கட்டியின் தலைவலி என்று சந்தேகப்பட எங்களுக்குச் சில அறிகுறிகள் உண்டு: விடியற்காலையில் தூக்கத்தைக் கலைக்கும் வலி, கூடவே வாந்தி, பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, வலிப்பு. உங்கள் மகனுக்கு இவற்றில் எதுவும் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. சாயங்காலம் பட்டை கட்டியது போல வலிக்கிறது, ஞாயிற்றுக்கிழமை தூங்கி எழுந்தால் வலி இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கண் பரிசோதனை ஒன்று செய்துவிடுங்கள். ஸ்கேன் தேவையா என்பதை மருத்துவர் பரிசோதித்துச் சொல்லட்டும், கூகுள் சொல்ல வேண்டாம். மன அழுத்தம் வந்து இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டும், தானாகவே திரும்ப வளரும். டெஸ்ட் நாளில் மட்டும் கலக்குகிற வயிறு பதற்றத்தில் கலக்குகிற வயிறு. ஞாபக சக்திக்கு டானிக் எதுவும் கிடையாது. நான்கு மணி நேரம் தூங்குகிறான் என்கிறீர்கள். இந்த வயதுக்கு எட்டு மணி நேரமாவது வேண்டும். படித்தது மனதில் பதிவதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

அல்பிரசோலம் விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே கோபம். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத மாத்திரை அது. மாமா கடை என்பதால் பதினேழு வயதுப் பிள்ளைக்குக் கொடுத்துவிடலாமா? அது மனச்சோர்வைக் குணப்படுத்தாது. புதிதாகப் படிப்பதை மனதில் பதியவிடாமல் செய்யும். மறதிக்கு டானிக் கேட்கிறீர்கள், மறதியைக் கூட்டுகிற மாத்திரையைப் பத்து நாளாக நீங்களே கொடுத்து வருகிறீர்கள். ஏற்கெனவே உடைந்து போயிருக்கும் பிள்ளையை அது இன்னும் தடுமாற வைக்கவும் கூடும். இனிமேல் அதை என்ன செய்வது என்பதை மனநல மருத்துவர் சொல்வார். வீட்டிலிருக்கும் மிச்சம் அண்ணன் கடைக்குத் திரும்பிப் போகட்டும்.

இனி அவனுடைய அப்பாவுக்கு. ஐயா, உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனமில்லை. கடன் வாங்கிப் பணம் கட்டியது பிள்ளை மேல் உள்ள பாசத்தால்தான். ஆனால் உங்கள் மனைவி எழுதியிருக்கும் ஞாயிற்றுக்கிழமை இரவுகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒன்பது மணிக்குப் பள்ளியிலிருந்து வாட்ஸ்அப்பில் மார்க் வருகிறது. ஒன்பது பத்துக்கு விடுதி போனில் கூப்பிடுகிறீர்கள். முதல் கேள்வி ‘எத்தனாவது ரேங்க்’, இரண்டாவது ‘ஏன்’. செப்டம்பரில் அவனை முதல் பேட்ச்சிலிருந்து மூன்றாவது பேட்ச்சுக்கு மாற்றியிருக்கிறார்கள். தலைவலியும் அந்த மாதம்தான் தொடங்கியிருக்கிறது. அந்த மாதத்திலிருந்து நீங்கள் அவனிடம் சாப்பிட்டாயா என்று கேட்டதாகக் கடிதத்தில் எங்கும் இல்லை.

2022-இல் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் கணக்குச் சொல்கிறது. ஒருவர் அந்த நிலைக்குப் போக ஒரே ஒரு காரணம் இருப்பதில்லை, படிப்பை மட்டும் குற்றம் சொல்லிவிடவும் முடியாது. ஆனால் வீடு என்பது மார்க் கேட்கிற இன்னொரு இடமாக ஆகிவிட்டால், பிள்ளைக்குத் திரும்பிப் போக இடமில்லாமல் போய்விடுகிறது. கூடியவரை மதிப்பெண்ணை வைத்துப் பேட்ச் பிரிக்கக் கூடாது, எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தக் கூடாது என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றமே கல்வி நிலையங்களுக்கும் கோச்சிங் மையங்களுக்கும் சொல்லியிருக்கிறது. பள்ளியில் போய் அதைத் தைரியமாகக் கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர் நீங்கள்தான்.

ஐஐடி கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். நாட்டிலுள்ள 23 ஐஐடிகளிலும் சேர்த்து பி.டெக். இடங்கள் சுமார் 18,000. அதற்கான முதல் கட்டத் தேர்வான ஜேஇஇ மெயின் எழுதுகிறவர்கள் பதினான்கு லட்சத்துக்கும் மேல். கெட்டிக்காரப் பிள்ளைகளிலேயே பெரும்பாலோருக்குக் கிடைக்காத இடம் அது. இந்த வருடம் விட்டால் இரண்டாம் கட்டமான ஜேஇஇ அட்வான்ஸ்டை அடுத்த வருடமும் எழுதலாம். கிண்டி பொறியியல் கல்லூரியில் சேர நுழைவுத் தேர்வே கிடையாது, பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் கவுன்சலிங். சென்னை ஐஐடியிலேயே ஜேஇஇ எழுதாமல் சேரக்கூடிய பி.எஸ். படிப்பும் இருக்கிறது. இதையெல்லாம் இப்போது அவனிடம் பட்டியல் போடாதீர்கள், அவனுக்கு அது இன்னொரு பாடத்திட்டம் மாதிரிதான் கேட்கும். உங்கள் மனம் கொஞ்சம் இறங்கி வரட்டும் என்பதற்காகச் சொன்னேன். அவனிடம் நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: ‘பணத்தை நான் பாத்துக்கறேன், நீ எனக்குச் செலவு இல்லை.’ போனில் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, அவன் காதில் விழும்படி, ஒன்றுக்கு இரண்டு முறை சொல்லுங்கள்.

ஜனவரியில் வரும் ஜேஇஇ மெயின் தேர்வை எழுதுவதா வேண்டாமா என்பதை மருத்துவரும் அவனும் சேர்ந்து முடிவு செய்யட்டும். மருத்துவரிடம் போகும்போது அவன் சாப்பிட்ட எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். பேட், வாட்ச் விஷயத்தையும், அப்பாவிடம் சொன்ன அந்த வாக்கியத்தையும் அவன் சொன்னபடியே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் தலைவலியில் தொடங்காமல் முதலில் அந்தத் தாளைக் கொடுங்கள்.