முதல் துப்பாக்கிப் பயிற்சியும் வெடிச்சத்த அச்சமும்

வணக்கம். இரண்டு நாள் கைத்துப்பாக்கிப் பயிற்சியில் சேர்ந்திருப்பதாகவும், வெடிச்சத்தம் கேட்டாலே உடல் அதிர்வதால் மற்றவர்கள் முன் தடுமாறிவிடுவோமோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பொதுவாக, தொடக்க மணிநேரங்கள் சுடுவதில் கழிவதில்லை. எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரம்பியதாகவே கருதுவது, சுட விரும்பாத எதையும் நோக்கிக் குழலைத் திருப்பாதிருப்பது, சுடத் தீர்மானிக்கும்வரை விசையில் விரல் வைக்காதிருப்பது, இலக்கையும் அதன் பின்னால் இருப்பதையும் அறிந்திருப்பது ஆகிய நான்கு விதிகளும் கைப்பழக்கமாகும்வரை திரும்பத் திரும்பச் சொல்லித்தரப்படும்.

சுட்டதும் துப்பாக்கி பின்னோக்கி உதைக்கும் அதிர்வை எதிர்பார்த்து, விசையை இழுக்கும் கணத்தில் மணிக்கட்டைக் கீழே அழுத்திவிடுவது புதியவர்களிடம் மிகவும் இயல்பானது. வலக்கைக்காரரின் குண்டுகள் இலக்கின் இடப்புறம் கீழே விழுவதைக் கண்டே பயிற்சியாளர் அதை ஊகித்துவிடுவார். பிறகு, உங்களுக்குத் தெரியாமல் தோட்டாக்களுக்கிடையே ஒரு போலித் தோட்டாவை வைத்துத் தரக்கூடும். சத்தமே எழாத அந்த ஒரு முறை, குழல்முனை தாழ்வதை நீங்களே காண்பீர்கள். எனக்கு அது பெரும் வெட்கமாக இருந்தது; ஆனால் அதன்பிறகுதான் கை அடங்கியது.

0.22 அங்குலக் குழல்விட்டமுள்ள துப்பாக்கியில் தொடங்க முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள்; 9 மி.மீ. துப்பாக்கியைவிட அதன் உதைப்பு மிகக் குறைவு. காதடைப்பானுக்கு மேல் காதுக்கவசத்தையும் அணியுங்கள். கழுத்தை ஒட்டிய சட்டையே நல்லது, ஏனெனில் சூடான தோட்டாவுறை உள்ளே விழுந்தால், கையில் துப்பாக்கி இருப்பதையும் மறந்து துள்ளத் தோன்றும். ஈயத்துகள் கையில் படிந்திருக்கும் என்பதால், கைகழுவாமல் எதையும் உண்ணாதீர்கள்.